இஞ்ச் டேப்போடு ஆண்டெனா வாங்கப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டு ஆண்டெனா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாதச் சந்தா கட்டாமல் உள்ளூர் சேனல்களைப் பார்க்கலாம் என்று அதில் சொல்லியிருந்தது சரிதான். அப்புறம் சொன்ன இரண்டு யோசனைகளைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. அட்டைப்பெட்டியில் எதில் அதிகக் கிலோமீட்டர் போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள் என்பது ஒன்று. படம் வராவிட்டால் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் மாட்டுங்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துக் காசைத் தொலைத்தவள் நான்.

நான் ஒரு தையல்காரி. முப்பது வருடமாகத் துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன். மின்னணுவியல் எதுவும் படித்ததில்லை. ஆனால் அளக்கத் தெரியும், ஆண்டெனா விஷயத்தில் பாதி வேலை அளவுதான் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

எங்கள் வீட்டுக்கு ஏழு சேனல்கள் வர வேண்டும். முதலில் வாங்கியது காகிதம் போலத் தட்டையாக, ஜன்னலில் ஒட்டுகிற வகை. பெட்டியில் 200 கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்து. மாட்டினோம், ஐந்து சேனல்கள் வந்தன, இரண்டு வரவே இல்லை. ஏழும் ஒரே ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து வருபவை. கோபுரம் தூரம் என்றால் ஏழும்தானே வராமல் போக வேண்டும்?

விடை அலைவரிசையில் இருந்தது. டிவி அலைகளில் இரண்டு வகை உண்டு, நீளம் குறைந்தது யு.எச்.எஃப்., நீளம் கூடியது வி.எச்.எஃப். அந்த ஐந்தும் யு.எச்.எஃப்., வராத இரண்டும் வி.எச்.எஃப். திரையில் தெரிகிற சேனல் எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அது பல இடங்களில் பெயருக்கு வைத்த எண்தான். உண்மையான அலைவரிசையை ஒளிபரப்பு நிறுவனங்களின் பட்டியலில் பார்க்க வேண்டும், அல்லது டிவியின் சிக்னல் விவரத் திரையில் மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் வி.எச்.எஃப். டிவி 174இலிருந்து 230 மெகாஹெர்ட்ஸ் வரை. யு.எச்.எஃப். 470இல் தொடங்குகிறது.

இங்கேதான் இஞ்ச் டேப் வருகிறது. ஆண்டெனாவின் கம்பி, பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். கணக்கு சுலபம்: 15,000ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அந்தப் பாதி நீளம் சென்டிமீட்டரில் வந்துவிடும். 600 மெகாஹெர்ட்ஸுக்கு 25 சென்டிமீட்டர். 200 மெகாஹெர்ட்ஸுக்கு 75. நிஜக் கம்பியை இதைவிடச் சுமார் ஐந்து சதவீதம் குறைத்துத்தான் வெட்டுவார்கள், அது தையலில் பிடித்துவிடுகிற மாதிரி. எங்கள் டேப் 150 சென்டிமீட்டர் என்பதால் எனக்கு அந்த 15,000 மறப்பதே இல்லை.

என் தட்டை ஆண்டெனாவை அளந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 31 சென்டிமீட்டர். பெட்டியில் வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். இரண்டும் வரும் என்று அச்சடித்திருந்தார்கள். முக்கால் மீட்டர் கேட்கிற அலைக்கு முப்பது சென்டிமீட்டர் என்றால், குழந்தைச் சட்டையைப் பெரியவருக்குப் போட்டுவிட்ட கதைதான். கோபுரம் பக்கத்துத் தெருவில் இருந்தால் அதுவும் ஏறும், நமக்கு அப்படி இல்லை. அளவைச் சுருக்கிச் செய்த வி.எச்.எஃப். ஆண்டெனாக்களும் இருக்கின்றன. ஆனால் சுருக்கியதற்கு ஏற்பப் பிடிக்கும் திறனும் குறையும்.

ஆகவே கடைக்குப் போகும்போது டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய சேனல்கள் எல்லாம் யு.எச்.எஃப். என்றால் நீளக் கம்பிகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. ஒன்றிரண்டு வி.எச்.எஃப். இருந்தால், முக்கால் மீட்டரை ஒட்டிய கம்பி ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். "டிஜிட்டல் ஆண்டெனா", "எச்.டி. ஆண்டெனா" என்று அவர் ஆரம்பித்தால் கவனிக்காதீர்கள். கம்பிக்கு டிஜிட்டலும் தெரியாது, எச்.டி.யும் தெரியாது. வருகிற அலையைப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. பரணில் கிடக்கும் பழைய ஆண்டெனாவின் கம்பி நீளம் பொருந்தினால் அதுவே போதும்.

இனி அந்த 200 கிலோமீட்டருக்கு வருகிறேன். டிவி அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரம், நம் ஆண்டெனாவின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியாக வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்க வேண்டும். கோபுரம் 150 மீட்டர், நம் ஆண்டெனா 9 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் சுமார் 63 கிலோமீட்டர் வருகிறது. அதே 9 மீட்டரில் நின்றுகொண்டு 200 கிலோமீட்டர் எட்ட வேண்டுமானால் கோபுரம் 2,000 மீட்டரைத் தாண்ட வேண்டும். உலகத்திலேயே உயரமான கட்டடமான புர்ஜ் கலீஃபாவே 828 மீட்டர்தான். கோபுரம் மலை உச்சியில் இருந்தால் கணக்கு மாறும், வானிலை சரியாக அமைந்த சில இரவுகளில் வெகுதூரத்து நிலையம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. அதை நம்பி யாரும் செய்தி பார்க்க உட்கார முடியாது. அட்டைப்பெட்டியில் எழுதியவருக்கு உங்கள் கோபுரத்தின் உயரமும் தெரியாது, உங்கள் வீட்டின் உயரமும் தெரியாது. அப்புறம் எப்படித் தூரத்தை மட்டும் எழுதினார்?

பூஸ்டர் கதை இதைவிட மோசம். இரண்டு சேனல் வரவில்லை என்று நான் போய்ச் சொன்னதும், கடையில் ஒரு பூஸ்டரைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். டிவிக்குப் பின்னால் மாட்டினேன். வராத இரண்டும் வரவில்லை. வந்துகொண்டிருந்த ஐந்தில் நான்கு போய்விட்டன. அன்றைக்கு வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை எழுதாமல் விடுகிறேன்.

காரணம் பிறகு தெரிந்தது. ஏற்கெனவே நன்றாக வந்த சிக்னலை இன்னும் பெருக்கியதில், டிவிக்குள் சிக்னலை வாங்கிக்கொள்கிற டியூனர் திணறிவிட்டது. ஆண்டெனா பிடிக்காத சிக்னலைப் பூஸ்டரால் உண்டாக்க முடியாது. அது ஊசியில் நூல் கோக்காமல் மிஷினை வேகமாக மிதிப்பது போல, சத்தம்தான் வரும். ஆண்டெனா பிடித்துக் கொடுப்பதில் இரைச்சல், அதாவது வேண்டாத அலைகள், கலந்திருந்தால் அந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும். போதாததற்கு, பல நாடுகளில் முன்பு 862 மெகாஹெர்ட்ஸ் வரை டிவிக்கு இருந்த இடத்தை 694க்கு மேல் செல்பேசிக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய பூஸ்டர் இது தெரியாமல் பக்கத்துச் செல்பேசிக் கோபுரத்தையும் சேர்த்துப் பெருக்கித் தரும். அதைத் தடுக்கத் தனியாக ஃபில்டர் விற்கிறார்கள்.

பூஸ்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாதாரண ஆர்.ஜி.-6 கேபிளில் 30 மீட்டர் இறங்கி வருவதற்குள் யு.எச்.எஃப். சிக்னலில் ஏறக்குறைய 5 டெசிபல் கரைந்துவிடும், அதாவது மேலே பிடித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவு. இந்த மாதிரி நஷ்டத்தை ஈடுகட்டத்தான் பூஸ்டர். அதுவும் கம்பத்திலேயே, ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கரைந்து வந்த மிச்சத்தை டிவிக்குப் பின்னால் வைத்துப் பெருக்கி என்ன பயன்? கேபிளை வாங்குவதற்கு முன்னால் அதன் வழி நெடுக டேப்பைப் பிடியுங்கள். நான் 25 மீட்டர் வேண்டும் என்று நினைத்திருந்தேன், வழியை மாற்றியதும் 14 போதுமானதாக இருந்தது.

இரண்டாவதாக வாங்கியது யாகி என்கிற, கம்பி வைத்த ஆண்டெனா. இதைக் கண்டுபிடித்தது 1926இல் ஜப்பானின் டோஹோகு பல்கலைக்கழகத்தில். வேலையில் பெரும்பங்கு ஷிண்டாரோ உடா என்பவருடையது, ஊர் சொல்லும் பெயர் அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியுடையது. தைத்தவர் ஒருவர், பலகையில் பெயர் இன்னொருவருடையது. எங்கள் தொழிலிலும் நடப்பதுதான்.

இதில் ஒரு பக்கம் நீளமான கம்பி, போகப்போகக் குட்டையான கம்பிகள். குட்டைப் பக்கம்தான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். நீளமான கம்பி பின்னால் நின்று அலையைத் திருப்பி அனுப்பும். ஆளை வைத்து மாட்டிய ஆண்டெனாவே பின்பக்கம் முன்பக்கமாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கம்பிகள் தரைக்குப் படுக்கையாக இருக்க வேண்டுமா, நெட்டுக்குத்தாகவா என்பது கோபுரத்தைப் பொறுத்தது. அக்கம்பக்கத்து ஆண்டெனாக்களைப் பார்த்துக் காப்பியடிக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டில் இன்னும் படம் வருகிறதா என்று கேட்டுவிட்டுக் காப்பியடியுங்கள், மூடிப்போன நிலையத்தைப் பார்த்தபடி வருடக்கணக்கில் நிற்பவையும் இருக்கின்றன.

என் கணவருக்கு உயரம் ஆகாது, அதனால் மேலே ஏறியது நான். அவர் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து போனில் எண்ணைச் சொன்னார்.

"என்னங்க, இப்போ எவ்வளவு?"

"அறுபது. இரு, இரு, நாற்பத்தெட்டு. ஐயோ, போச்சு."

முதல் அரை மணி நேரம் இப்படியே போனது. பிறகுதான் எங்கள் தப்பு புரிந்தது. பழைய டிவியில் ஆண்டெனாவைத் திருப்பத் திருப்பப் படம் கூடவே மாறும், முகத்துக்குப் பக்கத்தில் நிழல் முகம் ஒன்று தெரியும், புள்ளி புள்ளியாகவாவது ஏதோ ஓடும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. படம் பளிச்சென்று இருக்கும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே காணாமல் போகும். திருப்பியபின் டியூனர் சிக்னலைப் பிடித்துக்கொள்ளச் சில வினாடிகள் எடுக்கிறது. அதனால் கொஞ்சம் திருப்புவது, பத்து எண்ணுவது, அப்புறம் கேட்பது என்று மாற்றிக்கொண்டோம். இன்னொன்று, டிவியில் பலம் என்றும் தரம் என்றும் இரண்டு எண்கள் காட்டும். அவர் அதுவரை படித்துக்கொண்டிருந்தது பலத்தை. பார்க்க வேண்டியது தரத்தை. சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பட்டுத் திரும்புகிற அலைகள் பலத்தைக் கூட்டிக் காட்டிவிட்டுத் தரத்தைக் கெடுத்துவிடும்.

திசை சரியாக இருந்தும் ஒரு சேனல் மட்டும் முரண்டு பிடித்தது. கம்பத்தில் ஆண்டெனாவை ஒரு சாண் கீழே இறக்கினேன், வந்துவிட்டது. உயர உயர நல்லது என்பது பொதுவாகச் சரி, ஆனால் ஒரு சாணில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நட்டுகளை முறுக்குவதற்கு முன்னால் மேலே, கீழே, பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் டிவியில் சேனல்களை மறுபடி தேடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக வருவது பட்டியலில் ஏறாது.

ஏழும் வந்தன. இரண்டு மாதம் கழித்து ஒரு மழைக்குப் பிறகு மூன்று போய்விட்டன. ஆண்டெனா நகர்ந்துவிட்டது என்று அவர் சொன்னார். நகரவில்லை. வெளியே இருந்த கனெக்டரைக் கழற்றினேன், உள்ளே தண்ணீர், செம்பில் பச்சை பிடித்திருந்தது. கேபிளின் பின்னல் வழியாக நீர் உள்ளே இறங்கியிருந்ததால் நுனியை மட்டும் வெட்டிப் பயன் இல்லை, கேபிளையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது இணைப்புகளுக்கு மேல் இழுத்துச் சுற்றுகிற ரப்பர் டேப் போட்டிருக்கிறேன். கேபிள் சுவருக்குள் நுழைகிற இடத்தில் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டிருக்கிறேன், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கம்பத்தையும் கேபிளின் வெளிப்பின்னலையும் எர்த் செய்யும் வேலையை மட்டும் நான் தொடவில்லை, எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். இடி நேரே விழுந்தால் அதுவும் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் அவர். மழை கறுத்தால் கேபிளைக் கழற்றிவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று, எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில், ஏணியில் நிற்பவர் கையில் பிடித்திருக்கும் கம்பத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறது. கம்பமும் ஆண்டெனாவும் சேர்ந்து எவ்வளவு நீளமோ, அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியை எட்டாத தூரம் இருக்க வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். நான் ஏறுவதற்கு முதல் நாள் கம்பத்தைத் தரையில் படுக்கவைத்து டேப்பால் அளந்துவிட்டுத்தான் இடத்தையே முடிவு செய்தேன். தொடர் கட்டுரை வரும் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் படத்தை மறுபடி போடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகி, ஒரு தையல்காரி