கிரகணம் காட்ட வரிசை வேண்டாம், சுவர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை மாலையில் தமிழகத்தில் பகுதி சூரிய கிரகணம் தெரியும். எகிப்தின் லக்சர் அருகே 6 நிமிடத்துக்கு மேல் சூரியன் முழுதாக மறையும் அதே கிரகணம்தான் இது. 2031 மே 21 அன்று, சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும் வளைய கிரகணம் தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாகவே கடந்து வட இலங்கைக்குப் போகிறது. இந்த இரண்டு நாட்களிலும் பள்ளி மைதானத்திலும் கடற்கரையிலும் மக்களைக் கூட்டிக் காட்ட அமெச்சூர் வானியல் குழுக்கள் முன்வரும். தொலைநோக்கி வாங்கிய ஆசிரியர்களும் வருவார்கள். அவர்கள் கவனத்துக்காகவே இந்தக் கடிதம்.

நடு மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, அதன் பின்னால் வரிசை விடுவதுதான் வழக்கம். கணக்குப் போட்டால் இது உதவாது என்று தெரியும். ஒருவர் கண்ணை வைத்து, பார்வை பிடிபட்டு, விலக 20 நொடி ஆகும். நிமிடத்துக்கு 3 பேர், மணிக்கு 180 பேர். பகுதி கிரகணத்துக்கு இது ஓரளவு தாங்கும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர் பக்கம் நெருப்பு வளையம் 3 நிமிடம் வரைதான் நின்றது. அந்த நேரத்தில் ஒரு தொலைநோக்கியில் 9 பேர் பார்க்கலாம். மைதானத்தில் 500 பேர் இருந்தால் மீதி 491 பேர் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்த்திருப்பார்கள். கூட்டத்துக்குச் சூரியனைச் சுவரில் விழவைத்துக் காட்டுவதுதான் சரி.

அதற்கு மிக எளிய கருவி பந்து ஆடி, அதாவது வெயிலைச் சுவருக்குத் திருப்பிவிடும் கண்ணாடி ஒட்டிய பந்து. குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் பந்தில் சிறு ஓட்டை போட்டு, உலர்ந்த மணலை நிரப்பி, டேப் ஒட்டி மூடுங்கள். பந்தின் மேல் 5 செ.மீ. சதுர முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். கறுப்புத் தாளில் 1 செ.மீ. வட்டத் துளை வெட்டி, கண்ணாடி மேல் ஒட்டுங்கள். வீட்டில் பானை வைக்கும் பிரிமணை மேல் இந்தப் பந்தை உட்காரவைத்தால் எந்தப் பக்கமும் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். மணல் இல்லாத வெறும் பந்து காற்றுக்கே ஆடும். பிம்பமும் சுவரில் குதிக்கும்.

பந்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் பிம்பத்தின் அகலம் கிடைக்கும். 5 மீட்டரில் 4.6 செ.மீ., 20 மீட்டரில் 18.5 செ.மீ. பலர் 5 மீட்டரில் வைத்துவிட்டு, வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று கைவிடுகிறார்கள். 1 செ.மீ. துளை பிம்பத்தின் விளிம்பை ஏறக்குறைய 1 செ.மீ. அளவுக்கு மங்கலாக்கும். 4.6 செ.மீ. பிம்பம் இதைத் தாங்காது, 18.5 செ.மீ. தாங்கும். அதனால் குறைந்தது 15 மீட்டர் வேண்டும். பந்து வெயிலில் இருக்கட்டும், பிம்பம் சன்னல்களை மூடிய வகுப்பறைக்குள் வாசல் வழியாகப் போய் வெள்ளைச் சுவரில் விழட்டும்.

வளைய கிரகணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 2031இல் நிலவு சூரியனின் விட்டத்தில் 96 சதவீதத்தை மறைக்கும். அதாவது 18.5 செ.மீ. பிம்பத்தில் வளையத்தின் தடிமன் 4 மி.மீ.கூட வராது. 1 செ.மீ. துளை அதைத் தடித்த மங்கல் வளையமாகத்தான் காட்டும். ஆகவே 6 மி.மீ. துளை கொண்ட இரண்டாவது பந்தைத் தயாராக வைத்து, வளையம் கூடுவதற்குச் சற்று முன்பு அதற்கு மாறுங்கள். வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். இதைவிடச் சிறிய துளைக்கு ஆசைப்பட வேண்டாம். இவ்வளவு தூரத்தில் ஒளியின் விளிம்பு விலகலே, அதாவது துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதே, பிம்பத்தைக் கலைத்துவிடும்.

சூரியன் நகர்வதால் பிம்பம் 2 நிமிடத்தில் தன் அகலம் முழுவதும் தள்ளிப் போய்விடும். பந்தருகே ஒருவர் இருந்து மெல்லத் தொட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியை எவ்வளவு திருப்புகிறோமோ அதைப் போல இரு மடங்கு ஒளிக்கற்றை திரும்பும், நகத்தால் தட்டினாலே போதும். இந்த வேலையை யாருக்கும் தந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முந்தைய நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் ஒத்திகை பார்த்தவரிடம் கொடுங்கள். அந்தக் கண்ணாடியை அருகிலிருந்தோ அறைக்குள்ளிருந்தோ நேராகப் பார்ப்பது சூரியனையே பார்ப்பதற்குச் சமம். கற்றை பிள்ளைகளின் தலைக்கு மேலே போக வேண்டும், பந்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும்.

எந்த அறை என்பதையும் சூரியன் நிற்கும் திசையை வைத்தே முடிவு செய்யுங்கள். 2027இல் சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும். கிழக்கே உள்ள அறைக்கு ஒளியைத் திருப்பினால் கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் துளை கீற்றாகிவிடும், தெற்கிலோ வடக்கிலோ உள்ள அறை நல்லது. சென்னைக் கடற்கரையில் கூடிப் பார்க்க நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே மாலைச் சூரியன் கடல் மேல் அல்ல, ஊர் மேல் நிற்கும். சூரியன் 20 பாகை உயரத்தில் இருக்கும்போது 12 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் 33 மீட்டர் நீளும். 2031இல் நிலைமை நேர்மாறு. பிற்பகல் 1 மணியை ஒட்டி, அக்னி நட்சத்திர வெயிலில், சூரியன் உச்சியை விட்டு வடமேற்கே சற்றே சரிந்து நிற்கும். பந்துக்கு வடமேற்கே உள்ள அறையைப் பிடியுங்கள். பந்தல், குடிநீர், உட்கார நிழல் ஆகியவை தொலைநோக்கியைவிட முக்கியம். மேலும் அது கோடை விடுமுறை, பிள்ளைகளை வீடு தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும்.

தொலைநோக்கி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெல்லிய வளையத்தைக் கூர்மையாகக் காட்ட அதுவே உதவும், ஆனால் அட்டையில் விழவைத்துக் காட்டுங்கள். 900 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லைத் தொலைநோக்கி, 25 மி.மீ. கண்ணருகு வில்லை, 30 செ.மீ. பின்னால் வெள்ளை அட்டை என்று அமைத்தால் 9 செ.மீ. பிம்பம் கிடைக்கும். முகப்பை 50 மி.மீ. அளவுக்கு அட்டையால் குறுக்குங்கள். பிளாஸ்டிக் பாகமுள்ள கண்ணருகு வில்லை உருகும், ஒட்டு வில்லைகள் வெப்பத்தில் பழுதாகும். ஆடித் தொலைநோக்கிகளை, குறிப்பாகக் குட்டைக் குழாய் வகையை, இதற்குப் பயன்படுத்தவே கூடாது. சூரியனைக் குறிபார்க்கக் குழாயின் நிழல் தரையில் மிகச் சிறிதாகும் வரை திருப்பினால் போதும். பக்கத்திலுள்ள, குறிபார்க்க உதவும் குட்டித் தொலைநோக்கியான ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள். அதை மறந்துபோய்ச் சட்டையும் தலைமுடியும் பொசுங்குவதுண்டு. நேரடியாகப் பார்க்கும் வடிகட்டி என்றால் அது முகப்பில்தான் இருக்க வேண்டும், காற்றில் கழன்றுவிடாதபடி டேப் சுற்ற வேண்டும். மலிவுத் தொலைநோக்கிகளோடு வரும், கண் வைக்கும் இடத்தில் திருகும் கறுப்புக் கண்ணாடி வெப்பத்தில் விரிசல் விடும். அதை உடைத்தே போட்டுவிடுங்கள்.

கிரகணக் கண்ணாடி ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்தில் இருக்க வேண்டும். அச்சிட்ட எழுத்தை மட்டும் நம்பாமல் அணிந்து பாருங்கள். டியூப்லைட்டோ வீட்டுச் சாமான்களோ தெரிந்தால் அது ஆகாது. 4 பேருக்கு ஒன்று போதும், பகிர்ந்துகொள்வார்கள். குனிந்து அணிந்து, நிமிர்ந்து பார்த்து, குனிந்த பிறகே கழற்ற வேண்டும். 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடியும் சரி. எக்ஸ்ரே பிலிம், கரி பூசிய கண்ணாடி, சாணம் கரைத்த தண்ணீர் எல்லாம் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் என்ற உறுதி இல்லை. விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. எரியும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் கறை தோன்றும். மெல்லிய மேகம் மூடும் நேரம்தான் மிக ஆபத்து, கூச்சம் இல்லையே என்று எல்லோரும் கண்ணாடியைக் கழற்றுவார்கள். அறிவிப்பாளர் அப்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

கருவி எதுவும் இல்லாத ஊரில் இடியாப்பத் தட்டு போதும். தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் வெயிலில் பிடித்தால், ஒவ்வொரு துளைக்கும் குறைந்தது 9 மி.மீ. பிறைச் சூரியன் ஒன்று தரையில் விழும். வேப்ப மரத்தடியிலும் அதேதான்.

கிரகணத்தின்போது மட்டும்தான் உலக்கை நிற்கும் என்று காட்டுபவர்களோடு அன்றைக்கு வாதிட நேரம் இருக்காது. முந்தைய வாரமே காலை வணக்கக் கூட்டத்தில் தட்டையான அடியுள்ள உலக்கையை நிறுத்திக் காட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளை அழையுங்கள், நாற்காலி போடுங்கள், எல்லோருக்கும் சுண்டல் கொடுங்கள்.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். கிரகண வாரத்தில் எந்த ராசிக்குப் பரிகாரம் என்பதற்குத் தரும் இடத்தை, ஊர்வாரியாகத் தொடக்கம், உச்சம், முடிவு நேரங்களுக்கும் சூரியனின் திசைக்கும் உயரத்துக்கும் தாருங்கள். 2031இல் வளையப் பாதையின் வடக்கு, தெற்கு எல்லைகளைக் கிராமப் பெயர்களோடு வரைபடமாக வெளியிடுங்கள். எல்லைக்கு 5 கி.மீ. வெளியே இருக்கும் ஊரில் வளையம் உருவாகாது, பேருந்து ஏற்பாடு செய்ய அந்த ஊர்க்காரர்களுக்குச் சில நாட்களாவது வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை மாவட்டம்