குழந்தை அழுததும் முடிந்துவிடும் வீடியோ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ வீடியோக்களை நம்பலாமா என்று யார் கேட்டாலும், ‘தகுதியுள்ள டாக்டர் பேசினால் நம்பலாம்’ என்றுதான் பதில் வருகிறது. சரி, ஆனால் ஒரு பொய்கூடச் சொல்லாத வீடியோவும் ஆபத்தில் கொண்டுபோய் விடும். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். அதனால் எனக்குத் தெரிந்த பிரசவத்தை வைத்தே சொல்கிறேன்.

வீட்டுப் பிரசவ வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மெல்லிய இசை, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி, தோளைத் தடவிக்கொடுக்கும் கணவர். குழந்தை வீறிட்டு அழும், அம்மா மார்போடு அணைத்துக்கொள்வார், அவ்வளவுதான். நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுந்ததா, எவ்வளவு ரத்தம் போனது என்று ஒரு வார்த்தை இருக்காது. பார்க்க நன்றாக இருக்காது என்று வெட்டிவிடுவார்களோ என்னவோ!

நாங்கள் பயந்து பயந்து பார்ப்பது அதற்கப்புறம் வரும் அரை மணி நேரத்தைத்தான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் கர்ப்பப்பை இறுகினால்தான் அந்த ரத்தக் குழாய்கள் அடைபடும். அதற்காகத்தான் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறோம். பிறகு அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்போம். கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருந்தால் நிம்மதி. பொதபொதவென்று இருந்தால் தேய்த்துவிட்டுக்கொண்டே டாக்டருக்குக் குரல் கொடுக்க வேண்டியதுதான். நஞ்சு வரவில்லையே என்று பதறித் தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்தால், கர்ப்பப்பையே புரண்டு வெளியே வந்துவிடலாம். இதெல்லாம் மூத்த செவிலியர் பக்கத்தில் நின்று, கை பழகிக் கற்றுக்கொள்வது.

எங்கள் திருப்பூர் மாவட்டத்தில் 2018 ஜூலையில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் ஓர் இளம் தாய் இறந்துபோனார். குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. நஞ்சு வெளியேறாமல் ரத்தப்போக்கு அதிகமானதுதான் உயிரைக் குடித்தது. 2023இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் வீட்டுப் பிரசவத்தில் ஒரு பெண் இறந்த செய்தி வந்தது.

அந்த வீடியோக்களில் பல வெளிநாட்டில் எடுத்தவை. பிரிட்டனிலோ நெதர்லாந்திலோ வீட்டுக்கு வந்து பிரசவம் பார்ப்பவர், படித்துப் பதிவு பெற்ற மிட்வைஃப். நான் சொன்ன ஊசி அவர் பையில் இருக்கும். யாரை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முன்பே அலசியிருப்பார்கள். கேமரா அவரைக் காட்டினாலும் பையைத் திறந்து காட்டுவதில்லை. இங்கே பார்ப்பவர்களோ தொட்டியை மட்டும் வாங்கிவிடுகிறார்கள்.

வீடியோ பார்த்துச் செய்பவர்கள் குடும்பத்தினர் மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் பீகாரின் சாரண் மாவட்டத்தில், யூடியூப் பார்த்துப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை செய்ததாகச் சொல்லப்பட்ட போலி டாக்டரிடம் 15 வயதுப் பையன் உயிரை விட்டான்.

எல்லா வீடியோவும் குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. இன்ஹேலரை எப்படி உறிஞ்சுவது, பால் கொடுக்கக் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் அச்சடித்த நோட்டீஸைவிட வீடியோ நன்றாகவே சொல்லித் தருகிறது. தப்பாகச் செய்தாலும் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். ரத்தம் கொட்டும்போது அந்த அவகாசம் கிடையாது.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். ‘வீட்டில் பிரசவம் பார்க்காதீர்கள்’ என்று மிரட்டும் விளம்பரத்தோடு நிறுத்தாமல், குழந்தை பிறந்தபின் வார்டில் நடக்கும் அந்த அரை மணி நேரத்தை, ஊசி போடுவதும் வயிற்றைத் தேய்த்துவிடுவதும் உட்பட, வெட்டாமல் தமிழில் படம் எடுக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வந்து மணிக்கணக்கில் காத்திருக்கும் கர்ப்பிணிகளுக்கும், கூட வரும் கணவர் மாமியாருக்கும் அதைப் போட்டுக் காட்டலாம். டிவி அங்கே பல இடங்களில் ஏற்கெனவே இருக்கிறது, சீரியல்தான் ஓடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தாராபுரம்.