பில்லில் டிஸ்க்கின் மாடல் எண்ணை எழுதுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் லேப்டாப் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். இரண்டு மாவட்டங்களிலும் லேப்டாப் சர்வீஸ் பார்ப்பவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். உங்கள் பில்லில் '1 டிபி, 7200 ஆர்பிஎம்' (டிஸ்க் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) என்று இருக்கிறது. கம்பெனியின் வெப்சைட் 5400 என்கிறது. கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கின் ஸ்டிக்கரில் ஆர்பிஎம்மே அச்சாகவில்லை. விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுகிறது. வாடிக்கையாளர் நான்கையும் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்து, யார் ஏமாற்றினார்கள் என்று கேட்கிறார்.

அந்த 931-இல் ஏமாற்று ஏதுமில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஆல் மூன்று முறை வகுக்கிறது. 500 ஜிபி 465 ஆகத் தெரிவதும் அதனால்தான். ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸை மீண்டும் ஏற்ற ஒதுக்கிய பகுதி) இருந்தால் சி டிரைவில் இன்னும் குறையும். விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பாதி சண்டை தீரும்.

வேகத்தில்தான் உண்மையான குழப்பம். வெப்சைட்டில் இருக்கும் பட்டியல் ஒரு சீரிஸுக்கு முழுவதுமாகப் போட்டது. அதே பெயருள்ள லேப்டாப்பில் ஒரு லாட்டுக்கு ஒரு கம்பெனி டிஸ்க், அடுத்த லாட்டுக்கு வேறு. அதனால் பட்டியலை வைத்துப் பில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கின் மாடல் எண்தான் பேச வேண்டும். சீகேட் கம்பெனி டிஸ்க்கில் எஸ்டி1000எல்எம்048 என்பது 5400 சுற்று, எஸ்டி1000எல்எம்049 என்பது 7200 சுற்று. இரண்டுமே 1 டிபி, இரண்டுமே 7 மிமீ தடிமன், கடைசி எண் ஒன்றுதான் மாறுகிறது. லேப்டாப்பைத் திறக்காமலேயே டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்க் டிரைவ்ஸ்' பகுதியில் இந்த எண் தெரியும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டால் சுழற்சி வேகமும் வரும்; பழைய டிஸ்க் சிலவற்றில் அந்த இடம் காலியாக இருக்கும், அப்போது மாடல் எண்ணுக்குரிய டேட்டாஷீட்டை (கம்பெனி தரும் விவரத்தாள்) பாருங்கள்.

அதே மென்பொருளில் 'சாட்டா/300 | சாட்டா/600' என்று தெரிந்தால் டிஸ்க் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை. முதல் எண் அந்த இணைப்பில் இப்போது டேட்டா போகும் வேகம், இரண்டாவது டிஸ்க் தாங்கும் வேகம், இரண்டும் நொடிக்கு எம்பி கணக்கில். பழைய மதர்போர்டுகளில் டிஸ்க் செருகும் போர்ட் 300-க்கு மேல் போகாது. சுழலும் டிஸ்க் அந்த 300-ஐயே எட்டுவதில்லை, அதனால் நஷ்டம் கிடையாது. சுழலும் பாகம் இல்லாத சாட்டா எஸ்எஸ்டி போட்டால்தான் பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது பாதியாகக் குறைவது தெரியும். போர்ட் 600 தாங்கும் என்று தெரிந்தும் கீழே நிற்கிறதா? ரிப்பன் கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள். ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) சிஆர்சி பிழை, அதாவது டேட்டா போகும் வழியில் கெடும் பிழையின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம்.

தடிமனை யாருமே எழுதுவதில்லை, எங்களுக்கு அதிக வேலை வைப்பதும் அதுதான். 2.5 இன்ச் டிஸ்க் 7 மிமீயிலும் வரும், 9.5 மிமீயிலும் வரும். 7 மிமீ இடத்தில் 9.5-ஐ அழுத்தி வைத்தால் அடிமூடி சரியாக உட்காராது. ஸ்க்ரூவை முறுக்கி முறுக்கி இறக்கினால் மூடியின் திருகுக் குமிழ் விரிந்துவிடும். எதிர்ப்பக்கம், 9.5 இடத்தில் 7-ஐச் சும்மா வைத்தால் டிஸ்க் ஆடும், கனெக்டர் தளரும், 'டிஸ்க் இல்லை' என்று பூட் நிற்கும். 2.5 மிமீ ஸ்பேசர் ஒன்று வைத்தால் போதும்.

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் ஆபீஸ் பழைய லேப்டாப்களை விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உள்ளே டிஸ்க் மாறியிருக்கலாம், அடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பழையதாகவே இருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது, ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதி) எத்தனை என்று பார்த்து, அந்த ஸ்க்ரீனைப் போட்டோ எடுத்துப் பில்லோடு கொடுங்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை: பில்லில் டிஸ்க்கின் மாடல் எண், சீரியல் எண், தடிமன் மூன்றும் வேண்டும். எம்.2 எஸ்எஸ்டி (சிறு பலகை வடிவ எஸ்எஸ்டி) என்றால் சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்பதும், 2242 (42 மிமீ), 2280 (80 மிமீ) என்ற நீளமும். லேப்டாப்போடு வந்த டிஸ்க்குக்கு, டிஸ்க் கம்பெனியின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டால் பெரும்பாலும் வாரண்டி இல்லை என்றுதான் வரும். அதற்குப் பொறுப்பு லேப்டாப் கம்பெனி என்பதையும் அதே பில்லில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் தொழிலாளர்கள்,
தர்மபுரி, கிருஷ்ணகிரி