கியர்பொக்ஸ் ஒயிலும் முட்டிக் காயமும்

ஸ்காபரோ
10.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கட சுகத்துக்கு நல்லூரானைக் கும்பிடுறன்.

நேற்று காருக்குக் கியர்பொக்ஸ் ஒயில் மாத்தினன், நானே. சிரியாதேங்கோ. ஸ்பானர் எடுத்துத் தரச் சொன்னால் ஒளிச்சுத் திரிஞ்சவன்தான். ஆனால் இங்க கராஜ் கூலியைக் கேட்டால் ஆருக்கும் தொழில் வந்திடும்.

2008 ஹொண்டா சிவிக், ஓட்டோமற்றிக். கிளச் இல்லை, நீங்கள் காலால செய்யிற வேலையை இதில ஒயில்தான் செய்யுது. அதால கண்டதையும் ஊத்தேலாது, ஹொண்டாவின்ர டிடபிள்யூ-1 எண்ட ஒயில்தான் வேணும்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில வேலை செய்ய விடாயினம். மாமி வீட்டு வாசலில ஜாக்கியால தூக்கி, இரும்புத் தாங்கி வைச்சன். மொறிஸ் மைனர் காருக்கு நீங்கள் பனங்குற்றி வைப்பீங்கள். இங்க பனைக்கு எங்க போறது?

ஒயில் வடிக்கிற நட் அசையேல்லை. மாரியில றோட்டெல்லாம் உப்புக் கொட்டுவினம், ஆனையிறவு உப்பளமே வந்து இறங்கின மாதிரி. அதில கறள் பிடிச்சுப் போச்சு. பிடியில ஒரு பைப்பைக் கொழுவி நெம்பினன். படக்கெண்டு விட்டுது, விரல் முட்டித்தோல் உரிஞ்சு போச்சு.

வந்த ஒயில் சாயம் கூடின பிளேன்ரீ நிறம். புதுசு சிவப்பு. உங்களைப் போல விரலில தொட்டு மணந்து பாத்தன், எரிஞ்ச மணம் இல்லை. நட்டின்ர நுனியில காந்தம் கிடக்கு. அதில குழைச்ச திருநீறு மாதிரிச் சாம்பல் பசை. இரும்புத் துண்டு ஒண்டும் இல்லை, அதுதான் நிம்மதி.

கண்ணாடி கழுவுற நீலத்தண்ணி வந்த வெறுங்கானில பழசை ஊத்தி அளந்தன். 2.4 லீற்றர். பாதிக்கு மேல உள்ளுக்கேயே நிண்டிடும், அதால இடையில ஓடிப்போட்டு மூண்டு தரம் மாத்த வேணும். மட்டம் பாக்கிறதும் கரைச்சல்: சூடாக்கி, எஞ்சினை நிப்பாட்டி, 60 செக்கன் விட்டு 90 செக்கனுக்குள்ள குச்சியை இழுக்க வேணும். நான் மாமியின்ர தேத்தண்ணியோட கதைச்சு நிண்டிட்டன். திரும்ப ஓடிச் சூடாக்கினதுதான்.

பழசை நீங்கள் கறையானுக்குத் தூணில பூசுவீங்கள். இங்க நகரசபைக் கழிவு நிலையத்தில கொண்டுபோய்க் குடுக்க வேணும்.

அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டேக்க முட்டிக் காயத்தைத் தாண்டிப் போங்கோ.

அன்பு மகன்