ஹாலி முறைக்கு அப்புறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டச்சு சமூகவியலாளர் யான் பிரேமன் தெற்கு குஜராத்தில் செய்த கிராம ஆய்வுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல அறிமுகம். ஆனால் அங்கே கடனுக்காக ஆளைப் பண்ணையில் கட்டிவைத்த 'ஹாலி' முறை ஒழிந்தது என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் பிரேமன் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்.

கல்யாணச் செலவுக்கு அனாவில் பிராமண நிலக்காரரிடம் கடன் வாங்கும் துப்லா பழங்குடி இளைஞன் அன்றிலிருந்து அவருடைய ஹாலி. அவன் வயலில் உழைப்பான், மனைவி அவர் வீட்டில் வேலை செய்வாள். கடன் தீரவே தீராது. பதிலுக்கு, வேலை இல்லாத மாதங்களிலும் தானியம் தருவது நிலக்காரரின் கடமை. ஏர் பிடிப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்தவர்களுக்கு ஹாலி வைத்திருப்பதே ஒரு அந்தஸ்து. 1960களின் தொடக்கத்தில் பிரேமன் போனபோது இந்த உறவு குலைந்திருந்தது. நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போனார்கள். கௌரவம் வேறு விஷயங்களுக்கு மாறியது. ஆளுக்குச் சோறு போடும் பொறுப்பைக் கைகழுவினார்கள். உழைத்தவர் வறுமை அப்படியே இருந்தது.

அதே தெற்கு குஜராத்தில் பர்தோலி பக்கம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் வந்தும் உள்ளூர்க் கூலிக்காரர்களுக்கு விடிவு இல்லை. கரும்பு வெட்ட மகாராஷ்டிரத்தின் காந்தேஷிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். பருவம் தொடங்கும் முன்பே முகாதம், அதாவது மேஸ்திரி, முன்பணம் கொடுத்துவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு 'கொய்த்தா', அதாவது ஒரு வெட்டரிவாள்; கணக்கும் ஒன்றுதான். சீசன் முடியும்வரை நகர முடியாது. பழைய முறை நல்லது என்று பிரேமன் சொல்லவில்லை. அதிலிருந்த கட்டு மட்டும் புது வேஷத்தில் திரும்பியதைக் காட்டினார்.

எங்கள் விழுப்புரம் பக்கமும் கரும்பு வெட்டும் குடும்பங்கள் வயலோரம் தார்ப்பாய் கட்டித் தங்குகின்றன. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பது மேஸ்திரியின் சட்டைப்பை நோட்டில்தான் இருக்கிறது. வாங்கியவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. உடம்பு முடியாமல் ஊருக்குப் போனால் "அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிட்டான்" என்கிறார்கள். படித்தவர்களும் அதையே திருப்பிச் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

வரும் அரவைப் பருவத்தில் உங்கள் நிருபரை இங்கே அனுப்புங்கள். மேஸ்திரியிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். வெட்டிய கரும்பைச் சோகை கழித்துக் கட்டும் பெண்களிடம் தனியாக உட்கார்ந்து பேசட்டும். அவர்கள் கூலி யார் கைக்குப் போகிறது என்று கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருக்கோவிலூர்