சிறு ஆலைகளுக்கும் வட்டியைப் பூட்டிவைக்க வழி செய்யுங்கள்: ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைப் பக்கம் சிறு நூற்பாலைகளுக்குக் கணக்கு பார்ப்பவன் நான். 2022 மே மாதத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு லட்ச ரூபாயைத் தாண்டியது. அதே மாதம் 4ஆம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், வங்கிகளுக்கு நீங்கள் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 4.00லிருந்து 4.40 சதவீதமானது. அடுத்த பிப்ரவரிக்குள் 6.50. பணவீக்கத்தை அடக்க அது தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 2019 அக்டோபர் முதல் சிறு தொழில்களுக்குத் தரும் புதிய மிதவை வட்டிக் கடன்கள் (வட்டி ஏறி இறங்கும் கடன்கள்) வங்கிக்கு வெளியே நிர்ணயமாகும் ஓர் அளவுகோல் விகிதத்தோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, கட்டப்பட்டவை. 5 கோடி ரூபாய் கேஷ் கிரெடிட் (தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன்) எடுத்திருந்த ஆலைக்கு ஆண்டு வட்டி மட்டும் 12.5 லட்சம் கூடிவிட்டது. நூலுக்கு விலை பேசி முடித்த பிறகு இந்தப் பணத்தை யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கான வழியை நீங்களே 1999இல் திறந்துவிட்டீர்கள்: பின்னால் வரும் ஒரு காலத்துக்கான வட்டியை இன்றே பேசி முடிக்கும், வங்கிக்காரர்கள் எஃப்.ஆர்.ஏ. என்று சொல்லும் முன்வட்டி ஒப்பந்தம். ஜனவரியில் தொடங்கி மூன்று மாதத்துக்கு 5 கோடி தேவைப்படும் என்று செப்டம்பரிலேயே ஒரு ஆலைக்குத் தெரியும்; பஞ்சு வரத்துக் காலம் அது. அன்றே வங்கியோடு அளவுகோல் விகிதத்தை 6.50 என்று பேசி வைத்துக்கொள்கிறது. ஜனவரியில் அது 7 ஆகிவிட்டால், அரை சதவீத வித்தியாசத்தை வங்கி ஆலைக்குக் கொடுக்கும். 90 நாளுக்கு 61,644 ரூபாய். அதையும் காலத்தின் தொடக்கத்திலேயே கொடுப்பதால் அதற்குரிய வட்டியைக் கழித்து, சுமார் 60,600 கைக்கு வரும். விகிதம் 6 ஆக இறங்கினால் ஆலை வங்கிக்குக் கொடுக்கும். அசல் கைமாறுவதே இல்லை. கடன் அது பாட்டுக்கு ஓடும்.

2025இல் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே ரெப்போ ஒரு முழு சதவீதம் இறங்கியது. அதற்கு முன் பூட்டி வைத்திருந்தவர் கொடுக்க வேண்டி வந்திருக்கும். சரி, ஆனால் ஏறத்தாழ அதே தொகை கடன் வட்டியில் அவருக்கு மிச்சமாகியிருக்கும். சந்தையை ஜெயிக்க வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நூலுக்கு விலை சொல்லும் நாளில் வட்டி எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

சிறு பயனாளருக்கும் இந்த ஒப்பந்தத்தைத் தரலாம் என்று உங்கள் 2019 நெறிமுறைகளிலேயே சொல்லிவிட்டீர்கள். ஆனால் நான் போய்க் கேட்ட கிளைகளில் மேலாளர்களுக்கே இது புதிதாக இருந்தது. வங்கித் தலைமையகத்தில் இத்தகைய ஒப்பந்தங்களைக் கையாளும் கருவூலப் பிரிவுக்குக் கேள்வி போகும், தொகை சிறியது என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது.

ஆலைக்காரர்கள் பக்கமும் பயம் இருக்கிறது, நியாயமான பயம். 2007-08இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ்களில் (நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தை ஒட்டிய ஒப்பந்தங்களில்) பட்ட அடி இன்னும் ஆறவில்லை. புரியாத நிபந்தனைகளோடு, தேவைக்கு மேல் விற்கப்பட்ட ஒப்பந்தங்கள் அவை. அதனால்தான், முன்வட்டி ஒப்பந்தத்தின் தொகை கடன் தொகையைத் தாண்டக் கூடாது என்பதை வங்கிகள் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்கிறேன். அதுவும் ஒரு பக்கத் தாளில், தமிழில்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது அளவுகோல். சந்தையில் புழங்கும் ரூபாய் வட்டி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மைபார் என்ற, வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக்குக் கடன் கொடுக்கும் வட்டி விகிதத்தை ஒட்டியவை. எங்கள் கடனோ ரெப்போவை ஒட்டியது. இரண்டும் எப்போதும் சேர்ந்தே நகரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அந்த இடைவெளியைத் தாங்கும் வலு கருவூலத்துக்கு உண்டு, 5 கோடி கடன்காரருக்கு இல்லை. கடன் எந்த விகிதத்தோடு கட்டப்பட்டதோ அதே விகிதத்தில், கடன் வட்டி மாற்றியமைக்கப்படும் அதே தேதியில் ஒப்பந்தம் தர வங்கிகளுக்கு உத்தரவிடுங்கள். சிறு தொகைக்கு என்ன விலை என்பதை வங்கிகள் தங்கள் இணையதளத்தில் போடட்டும், நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

புதிய பஞ்சு வரத்து அக்டோபரில் தொடங்கிவிடும். ஆலைகள் கடன் லிமிட்டைக் கூட்டிக் கேட்டு வங்கிக்குப் போவதும் அப்போதுதான். அதற்குள் சுற்றறிக்கை வந்தால் இந்தப் பருவத்துக்கே பயன்படும்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கணக்காளர்