அரிசிப் பானைக்குள் போகும் கைத்தொலைபேசிகள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தண்ணீரில் விழுந்த கைத்தொலைபேசியை உடனே அரிசிக்குள் புதைத்து இரண்டு நாள் வைத்தால் ஈரமெல்லாம் உறிஞ்சப்பட்டு அது பழையபடி இயங்கும் என்று தங்கள் ஞாயிறு இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் எழுதப்பட்டிருந்ததைப் படித்தேன். களுவாஞ்சிக்குடியில் 17 ஆண்டுகளாகக் கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடையொன்றை நடத்திவருகிறேன். இதே யோசனையை நம்பிக் காத்திருந்து, காப்பாற்றியிருக்கக்கூடிய பொருளைக் கெடுத்துக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு மாரியிலும் காண்பவன் என்பதால் இம்மறுப்பை எழுத வேண்டியதாயிற்று.

சென்ற மாரியில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்த விவசாயி ஒருவர் வந்தார். அம்பிளாந்துறையிலிருந்து, ஆட்களையும் வாகனங்களையும் வாவியின் குறுக்கே ஏற்றிவரும் மிதவையான இயந்திரப்பாதையில் குருக்கள்மடத்துக்கு வந்தவர், துறையில் மோட்டார் சைக்கிளை இறக்கும்போது குனிந்திருக்கிறார். சட்டைப்பையிலிருந்த தொலைபேசி கரையோரத்து முழங்கால் தண்ணீரில் விழுந்துவிட்டது. அரை நிமிடத்தில் எடுத்துவிட்டார். அன்றே என்னிடம் வந்திருந்தால் அரை மணி நேர வேலை. அவரோ நான்காம் நாள், சொப்பிங் பையில் இரண்டு கொத்து அரிசியோடு வந்து, "மூணு நாள் அரிசிக்குள்ளயே வெச்சன் தம்பி, இன்னும் காயல்லியா?" என்று கேட்டார். சார்ஜ் ஏற்றும் துளையிலிருந்து ஊறிப் பருத்த குறுநொய் இரண்டையும், தவிடு கரைந்து களியாய் இறுகிய படிவையும் முதலில் ஊசிமுனை இடுக்கியால் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஈரமே இல்லை. அவர் சொன்னது போல நன்றாகத்தான் காய்ந்திருந்தது. ஆனால் பற்றரி இணைப்பின் ஒரு முனை பச்சைக் களிம்பாகி, தொட்டவுடன் உதிர்ந்தது.

தண்ணீர் காய்ந்தால் தொலைபேசி பிழைத்துவிடும் என்ற எண்ணத்திலேயே தவறு இருக்கிறது. தூய நீர் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். கடத்துவது அதில் கரைந்திருக்கும் உப்புகளே. கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நமது வாவியோ மாரி வெள்ளத்தில் நன்னீராகவும் கோடையில் உவராகவும் மாறி மாறி இருப்பது. கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீரும் உவர்தான். இவ்வகை நீர் உட்புகுந்த நிலையில் பற்றரியும் இணைந்திருந்தால், அடுத்தடுத்திருக்கும் இரு முனைகளுக்கிடையே மின் பாய்ந்து, நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்து போகிறது. பாடசாலையில் மின்பகுப்பு என்று நாம் படித்ததே ஒரு நெல்மணியின் அகலத்துக்குள் நடக்கிறது. தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தாலும் பற்றரி இணைந்திருக்கும்வரை சில இணைப்புகளில் மின் இருந்துகொண்டே இருப்பதால் இந்த அரிப்பும் தொடரும். தண்ணீர் வற்றிய பிறகு எஞ்சும் உப்பு அங்கேயே படிந்திருந்து, அடுத்த ஈரக்காற்று பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்கும். ஒரு மாதம் நன்றாக இயங்கிவிட்டுத் திடீரென்று செத்துப்போகும் தொலைபேசிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

அரிசியைப் பற்றி விவசாயப் பிரதேசத்தில் வாழும் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நெல்லை 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்துக் கொண்டுபோனால்தான் நெல் சந்தைப்படுத்தும் சபை அதைக் காய்ந்த நெல்லாகக் கணக்கெடுக்கும் என்பது ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். அப்படியானால், நன்கு காய்ந்தது என்று நாம் சொல்லும் அரிசியிலேயே நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பங்கு நீர் இருக்கிறது. மார்கழி மழையில் சுவரே வியர்த்து நிற்கும் வீட்டில், மூடியில்லாத பானையில் கிடக்கும் அரிசி, மூடிய பெட்டிபோன்ற தொலைபேசிக்குள்ளிருந்து எதை உறிஞ்சப்போகிறது? ஆப்பிள் நிறுவனமே 2024 ஜனவரியில் தனது பாவனையாளர்களுக்கு, நனைந்த ஐபோனை அரிசிப் பைக்குள் வைக்க வேண்டாம், அரிசித் துணிக்கைகள் அதைப் பழுதாக்கக்கூடும் என்று அறிவுறுத்தியது. அந்த அறிவுறுத்தல் நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்த கணமே தொலைபேசியை அணைத்துவிட வேண்டும். ஏற்கெனவே அணைந்திருந்தால் எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது. நம் ஊரில் வயது போனவர்கள் வைத்திருக்கும் பொத்தான் போன்களில் பற்றரியைக் கையாலேயே கழற்றலாம் என்பது பெரிய வரம். அதை முதலில் கழற்றிவிட வேண்டும். சிம்மையும் மெமரி கார்டையும் வெளியே எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். தொலைபேசியை உதறக்கூடாது, உதறினால் விளிம்பில் நிற்கும் நீர் நடுவுக்குப் போகும். சார்ஜ் துளை கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, மின்விசிறிக் காற்றில் நிமிர்த்தி வைத்தால் போதும். மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருந்தால், அவற்றோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது அரிசியைவிட எவ்வளவோ மேல். எனினும் இவையெல்லாம் கடைக்கு வரும்வரைக்குமான ஏற்பாடுகளே. பற்றரி உள்ளேயே பொருத்தப்பட்ட இன்றைய தொலைபேசிகளை அன்றைய தினமே யாராவது தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து, பற்றரி இணைப்பை விலக்குவதே முதற்சிகிச்சை. அதன்பின் போர்டின் மேலுள்ள தகரக் கவசங்களை எடுத்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் மென்தூரிகையை நனைத்துப் படிவைத் தேய்த்துக் கழுவுகிறோம். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்றினால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கில் மிகுதியெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

இனிச் சொல்லப்போவதைப் பலர் நம்புவதில்லை. கடலிலோ உவர் வாவியிலோ விழுந்த பொருளை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று திகைப்பார்கள். பற்றரி கழற்றப்பட்ட பொத்தான் போனாக இருந்தால், வாகன பற்றரிக்கு ஊற்றுவதற்காக எரிபொருள் நிலையங்களில் விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரில் அலசி எடுத்தபின் காயவைப்பது, உப்போடு காயவிடுவதைவிட நூறு மடங்கு நல்லது. இளநீரும் சீனி போட்ட தேநீரும் சிந்தியவற்றுக்கும் இதுவே பொருந்தும். நீர் தாங்கும் தொலைபேசிகளுக்குக்கூட, கடல்நீர் பட்டால் நன்னீரால் அலசுமாறு அவற்றின் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பற்றரியைக் கழற்ற முடியாத சாதாரண தொலைபேசியை மட்டும் வீட்டில் அமிழ்த்த வேண்டாம். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து விரைந்து கொண்டுவாருங்கள்.

வெப்பம் காட்டுவது இன்னொரு வழமை. தகரக் கூரையில் வெயிலுக்கு வைத்தவர்கள், தலைமுடி உலர்த்தியைப் பிடித்தவர்கள், அடுப்படித் திட்டில் சாத்தி வைத்தவர்கள் என்று எல்லா வகையினரும் வந்திருக்கிறார்கள். திரையை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். லிதியம் பற்றரிக்கோ சூடு ஆகவே ஆகாது. உப்பு நீர் உட்புகுந்த பற்றரி வீங்கத் தொடங்கினால், அது தொலைபேசியுடையதானாலும் பவர் பாங்க்கினுடையதானாலும், அதைக் குத்தவோ அழுத்தவோ சார்ஜ் ஏற்றிப் பார்க்கவோ கூடாது. தீப்பற்றக்கூடியவை எதுவும் அருகில் இல்லாத திறந்த இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்தது போன்ற வெள்ளங்களில் வீட்டுக்குள் நீர் புகுந்து வடிந்த பிறகு, மின்சாரம் வந்த உடனேயே எல்லாவற்றையும் சார்ஜில் போட்டுப் பார்க்கும் அவசரம் நமக்கு இருக்கிறது. அவசரம் நியாயமானது, கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் உயிரோடிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஆயினும் அந்த அழைப்பை நனையாத ஒரு தொலைபேசியில் சிம்மை மாற்றிப் போட்டு எடுக்கலாம்.

பிறரைக் குறைசொல்லும் நான் என் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடை தொடங்கிய முதல் வருடத்தில், கிணற்றடியில் விழுந்த தொலைபேசியொன்றை ஓர் அம்மா கொண்டுவந்து, "உசிர் இருக்கா பாரு மனே" என்று நீட்டினார். நானும் பார்ப்போமே என்று பொத்தானை அழுத்தினேன். திரை வெளிச்சமாகி, அவருடைய பேத்தியின் படம் தெரிந்தது, இருவரும் சிரித்தோம். அடுத்த கணம் ஒரு கோடு ஓடி அணைந்தது. அதற்குப்பின் அது எழும்பவேயில்லை. அன்றைக்கு முதலில் பற்றரியை எடுத்திருந்தால் அந்தத் தொலைபேசி பிழைத்திருக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். பணம் வாங்கவில்லை என்பதைத் தவிர நான் அவருக்குச் செய்தது ஒன்றுமில்லை.

தொலைபேசிகளைப் பற்றியே பேசுகிறோம், காது கேளாதோர் அணியும் காதுக்கருவிகளை மறந்துவிடுகிறோம். குளிக்கும்போது கழற்ற மறந்து வாளித் தண்ணீரில் போட்டுவிடும் முதியவர்கள் பலர். அதன் சிறு மூடியைத் திறந்து பொத்தான் பற்றரியை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தபடியே சிலிக்கா ஜெல் டப்பாவில் ஓரிரவு வைக்க வேண்டும். கேட்கும் குழாயில் நீர் நின்றால் வாயால் ஊதக்கூடாது, மூச்சுக்காற்றும் ஈரமானதுதான்.

புதிய தொலைபேசிகளை விற்கும்போது "தண்ணிக்கு ஒண்டும் செய்யாது" என்று சொல்லப்படுவதையும் குறிப்பிட வேண்டும். நீர் தாங்கும் தரத்தைக் காட்ட அவற்றில் போடப்படும் ஐபி67 என்ற குறியீட்டில் நீரைப் பற்றிய பொருள், ஆய்வுகூடத்தில், அசையாத நன்னீரில், ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கியது என்பதே. கல்லடிக் கடலின் அலைக்கும் உப்புக்கும் அதில் எந்த உறுதியும் இல்லை. ஒருமுறை திரை மாற்றத் திறந்தாலே நீர் புகாமல் காக்கும் பசை முன்போல் இருக்காது, இதை நாங்கள் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதில்லை. நீர் புகுந்தால் சிவக்கும் சிறு ஒட்டி ஒன்று பல தொலைபேசிகளுக்குள் இருக்கிறது. அது சிவந்திருப்பதைக் கண்டால் உத்தரவாதம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 2022 இல் ரூபாய் வீழ்ந்து, 2024 ஜனவரியிலிருந்து வற் எனும் பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமான பிறகு, புதிதாக ஒன்று வாங்குவது கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு இலேசான காரியமல்ல.

ஆகவே, தங்கள் இதழ் அக்குறிப்பைத் திருத்தி, மாரி வலுப்பதற்குமுன் மறுபடி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ள முன்னறிவித்தல்களை ஒலிபெருக்கியில் சொல்லிச் செல்பவர்களும், நனைந்த கருவிகளை இயக்க வேண்டாம், சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டால் நன்று.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. தொலைபேசியைக் கொண்டுவரும் எல்லோரும் "மழையில நனைஞ்ச" என்றே சொல்கிறார்கள். மழைநீர், உவர்நீர், தேநீர், கள், கழிவறை நீர் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கழுவும் விதம் வேறு. எங்கே விழுந்தது என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். கையுறை போடுவதா வேண்டாமா என்பதையும் நான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இங்ஙனம்,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.